பசி என்று நினைத்தது பசி அல்ல

காமயகவுண்டன்பட்டிக்கும் சுருளிப்பட்டிக்கும் இடையே, பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில், 20 சென்ட் பரப்பில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்குத் தீவன வாளியோடு அங்கே போன பெண், டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்துப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மீன்களின் வயிறு. வாளியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

கணவர் வந்து பார்த்தபோது, முழங்கை நீளம் வளர்ந்திருந்த கட்லாக்கள் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. ரோகுவில் பெரியவை செத்துவிட்டன. மிச்சமிருந்தவை தண்ணீருக்கு மேல் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் போர்வெல் மோட்டாரைப் போட்டார். குழாயின் வாய் குட்டைத் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. அதைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, மீன்களும் செத்துக்கொண்டே இருந்தன. பொழுது விடிந்தபோது, எடை போட்டால் 300 கிலோவுக்குக் குறையாத மீன் கரையில் கிடந்தது.

ஏழு மாத உழைப்பு அது. பங்குனியில் குஞ்சு விட மனைவி தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் 60,000 ரூபாய் கடன் எடுத்திருந்தார். தை பிறந்ததும் வலை போட்டு, வரும் பணத்தில் கடனையும் அடைத்து, நர்ஸிங் படிக்கும் மகளுக்கு இரண்டாம் வருடக் கட்டணமும் கட்டுவது என்பது கணக்கு.

அந்த விவசாயிக்குக் காரணம் தேட நேரமே ஆகவில்லை. குட்டையின் மேற்குக் கரையை ஒட்டி அவருடைய சித்தப்பா மகனின் திராட்சைத் தோட்டம். கிணற்றுப் பங்கு பிரித்ததில் வந்த மனஸ்தாபத்தில் இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முந்தின நாள் சாயங்காலம், மழை விட்ட இடைவெளியில் அந்தத் தம்பி பந்தலுக்குப் போர்டோ கலவை அடித்திருந்தார். அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அது.

“வேற ஆரு செய்வா? மருந்துத் தொட்டியக் கழுவி நம்ம குட்டையில ஊத்திட்டான்” என்றார். செத்த மீன் பத்துப் பதினைந்தைச் சாக்கில் அள்ளிப் போட்டு, பைக்கில் வைத்துக் கட்டினார். நேரே போலீஸ் ஸ்டேஷன் போவதாக இருந்தார்.

மனைவிதான் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். “ஏங்க, பழி சொல்லிப்புட்டா திரும்ப எடுக்க முடியாதுங்க. மொதல்ல தண்ணியப் பாக்கச் சொல்லுங்க. குஞ்சு வாங்கையில அந்த ஆபீசுல நம்பர் குடுத்தாங்கள்ல?”

எத்தனை அடி என்று மட்டும் கேட்கும் ஊர்

கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததிலிருந்தே அப்படித்தான். அணையில் 142 அடியா, 136 அடியா? ஜூன் முதல் தேதி திறப்பார்களா? 14,707 ஏக்கர் இருபோகத்துக்கும் கட்டுமா? 18-ம் கால்வாயில் விட்டார்களா? தண்ணீர் கொண்டுவந்த பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்து, தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது.

இத்தனை பேச்சிலும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு? நெல்லுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் அந்தக் கேள்வி பெரும்பாலும் போதும். மீனுக்குப் போதாது. வாழை தண்ணீரைக் குடிக்கிறது. மீனோ அதற்குள்ளேயே மூச்சுவிட்டு, அதிலேயே தின்று, அதிலேயே கழிகிறது. குட்டை நிறையத் தண்ணீர் இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகலாம்.

2020-ல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்த பிறகு, தோட்டத்தில் குட்டை வெட்டி மீன் விடும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. திட்டச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்களுக்கும் 60 சதவிகிதமும் மானியம் என்பதால் துணிந்து இறங்குகிறார்கள். மண்ணை வெட்ட மானியம் உண்டு. தண்ணீரைப் படிக்க அவரவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு பாட்டில்கள்

வைகை அணை மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து சார் ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. இளம் வயதுப் பெண். மூன்றாவது நாளாக வானம் மூடியே கிடந்தது. இலை அசையவில்லை.

அவர் செத்த மீன்களிடம் முதலில் போகவில்லை. கரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தண்ணீர்ப் பூச்சிகள் மேற்பரப்பில் ஓடிக்கொண்டிருந்தன. தவளைகள் கத்தின. வாய்க்கால் வழியாகத் தானாக உள்ளே வந்திருந்த ஜிலேபிக் கெண்டைகள் ஓரமாகத் திரிந்தன. ஒரு விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. விரல் நீளமே இருந்த ரோகுக் குஞ்சுகள் சிலவும் உயிரோடு தெரிந்தன.

“அண்ணே, செத்ததுல பெருசு ஜாஸ்தியா, சிறுசு ஜாஸ்தியா?”

“பெருசுதான் மேடம். கட்லா ஒண்ணுகூட மிஞ்சல.”

“எத்தன மணிக்கு?”

“வெள்ளன அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரி பாக்கையிலயே மெதந்துச்சு.”

அவர் ஒரு கட்லாவை எடுத்துக் காட்டினார். வாய் அகலத் திறந்தபடி இருந்தது. செவுள் மூடி விரிந்து நின்றது. “விஷம்னா சின்ன மீனு, பூச்சி, தவளை எல்லாம் மொதல்ல போகும் அண்ணே. பெருசு, சிறுசு பாக்காது. விடியக்காலம்னு நேரமும் பாக்காது. இங்க பெருசு மட்டும் போயிருக்கு. காத்தைக் குடிக்கத் தெரிஞ்ச விரால் நல்லா இருக்கு. குறைஞ்ச ஆக்சிஜனைத் தாங்குற ஜிலேபி நல்லா இருக்கு. நான் மயில்துத்தத்துக்கும் ஒரு பாட்டில் தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்புறேன். ஆனா, மொதல்ல இதப் பாருங்க.”

பையிலிருந்து இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்தார். ஒன்றில் குட்டையின் அடித்தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினார். இன்னொன்றில் பக்கத்து வாய்க்காலில் சலசலத்து ஓடிய தண்ணீரைப் பிடித்துவரச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டிலும் இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்கி, கரையில் இருந்த கல்லின் மேல் வைத்தார்.

சத்தம் கேட்டு அந்தத் தம்பியும் தன் வேலியோரம் வந்து நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

வாய்க்கால் தண்ணீர் பாட்டிலில் காப்பித்தூள் நிறத்தில் பழுப்பாகப் படிந்தது. குட்டைத் தண்ணீர் பாட்டிலில் மாவு கரைத்ததுபோல் வெள்ளையாகப் படிந்தது.

“பழுப்பு வந்தா ஆக்சிஜன் இருக்கு. வெள்ளையாவே நின்னா இல்ல” என்றார் ஆய்வாளர். “மணி பத்து ஆகப்போகுது. இப்பவே இப்படின்னா, விடியக்காலம் எப்படி இருந்திருக்கும்? மீனை யாரும் கொல்லல அண்ணே. அதுக்கு மூச்சு முட்டிருச்சு.”

ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்ளர் 1888-ல் வெளியிட்ட முறை அது. 130 வருடங்கள் கடந்தும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. எத்தனை மில்லிகிராம் என்று துல்லியமாக அறிய மேற்கொண்டு சில படிகள் உண்டு. இருக்கிறதா, இல்லையா என்பதை அறிய அந்த நிறம் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

குட்டையின் ஒரு நாள்

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். கெண்டை மீன்கள் நன்றாகத் தின்று வளர 5 மில்லிகிராமாவது வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் தீனி எடுக்காது. ஒன்றுக்குக் கீழே போய் நீடித்தால் சாகும். நமக்குக் காற்று மாதிரி மீனுக்குத் தண்ணீர் என்பார்கள். ஆனால், மீனின் கையிருப்பு மிகச் சின்னது.

அந்தக் கையிருப்பைப் பகலில் நிரப்புவது தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள். வெயில் இருக்கும்வரை ஆக்சிஜனை வெளிவிடும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அளவு உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். ஆனால், மூச்சுவிடுவது நிற்காது. மீன் மட்டுமல்ல, அந்தப் பாசியும், அடிச்சகதியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை எடுக்கும். சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். மீன் சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நடப்பது அதனால்தான்.

பாசி அடர்த்தியாக இருக்கும் குட்டையில் வெயில் நாளில் ஆபத்து வெளியே தெரியாது. பகலில் நிறையச் சேரும், ராத்திரி நிறையச் செலவாகும். மூன்று நாள் வானம் மூடி, காற்றும் அசையாமல் நின்றால் வரவு இல்லை, செலவு மட்டும்தான். போதாக்குறைக்கு வெளிச்சம் இல்லாமல் பாசியும் சாகத் தொடங்கும். செத்த பாசி மக்கவும் ஆக்சிஜன் வேண்டும். முந்தின வாரம் கரும்பச்சையாக இருந்த தண்ணீர் பழுப்பு தட்டியிருந்ததை மனைவி கவனித்திருந்தார். மழைத்தண்ணீர் கலங்கல் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் குட்டையில் செலவு ஏன் அவ்வளவு கூடியது என்பதற்கு விடை, விவசாயியின் நோட்டிலேயே இருந்தது. ஒரு சென்ட்டுக்கு 20 முதல் 40 குஞ்சுகள் என்பது வழக்கமான கணக்கு. அவருடைய 20 சென்ட்டுக்கு 500, 600 போதும் என்றுதான் வைகை அணை மீன்பண்ணையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் அங்கே 500 வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு வியாபாரியிடம் இன்னும் 1,000 வாங்கினார். இடம் சும்மா கிடக்கிறதே என்பது அவர் நினைப்பு. திராட்சைப் பந்தலில் ஒரு கொடியை எத்தனை அடி தள்ளி நட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர் அவர். தண்ணீருக்குள் இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை.

தீவனக் கணக்கும் அப்படித்தான். உயிரோடு இருந்தது 1,200 மீன், சராசரி 400 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 480 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம் என்றால் ஒரு நாளைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்து 10 கிலோவுக்குள் அடங்கும். அவர்கள் போட்டது 20 கிலோவுக்கு மேல். வாரம் ஒரு மூட்டை கோழி எருவும் போட்டார்கள். மீன் தின்னாமல் விட்டதெல்லாம் அடியில் போய்ச் சகதியானது. ஆய்வாளர் ஒரு கம்பை விட்டுக் கலக்கியபோது, கறுப்புச் சேறு அழுகின முட்டை வாசத்தோடு மேலே வந்தது.

“குடுக்குறது தப்பா மேடம்? வாயில்லா ஜீவன், வளரட்டும்னுதான போட்டோம்” என்றார் விவசாயி.

அப்போதுதான் மனைவி அதைச் சொன்னார். அதுவரை பேசாமல் இருந்தவர்.

“ரெண்டு நாளாவே காலையில நான் போறப்ப எல்லா மீனும் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. இவுககிட்டச் சொன்னேன். பசியா இருக்கும், இன்னொரு வாளி போடுன்னாங்க. நேத்தும் போட்டேன். ஒண்ணுகூட வந்து தின்னல. எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு.”

ஆய்வாளர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “அக்கா, பசிச்ச மீன் தீனி விழுற எடத்துக்கு ஓடி வரும். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா சட்டுனு கீழ போயிரும். மூச்சுக்கு வந்த மீன் அங்கங்க அப்படியே நிக்கும். கல்லு விட்டாலும் போகாது. போனாலும் உடனே மேல வந்துரும். நீங்க பாத்தது பசி இல்லக்கா.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் குட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு நாள் முன்பே குட்டை சொல்லிவிட்டது. கேட்டும் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பதில், ஏற்கெனவே மூச்சுத் திணறிய தண்ணீரில் இன்னொரு வாளி தீவனம்.

அன்றைக்குச் செய்தது

மிச்சமிருந்த மீன்களைக் காப்பாற்ற அன்று செய்த வேலைகள் எதற்கும் பெரிய செலவில்லை. தீவனமும் எருவும் அந்த நிமிடமே நிறுத்தப்பட்டன. போர்வெல் குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி, மூன்றடி உயரத்தில் கட்டி, அதன் வாயில் துளை போட்ட தகரத்தைச் சாய்த்து வைத்தார்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயை முழுகவிட்டால், மூச்சு முட்டிய தண்ணீரோடு இன்னொரு மூச்சு முட்டிய தண்ணீரைச் சேர்த்த கதைதான். பூவாளிபோல் சிதறி விழுந்தால்தான் காற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்.

அடியில் இருந்த கெட்ட தண்ணீரில் கால் பங்கு தென்னைக்குப் பாய்ச்சப்பட்டது. மேல்தண்ணீரை வெளியேற்றி அடித்தண்ணீரை விட்டுவைப்பதில் பயனில்லை. செத்த மீன்களைக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். அதை விற்கவும் கூடாது, வாய்க்காலில் எறியவும் கூடாது.

விவசாயி காலையிலேயே மருந்துக் கடைக்கும் போன் போட்டிருந்தார். பச்சை போக மயில்துத்தம் போடலாம், கிருமிக்குச் சுண்ணாம்பு கொட்டலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆய்வாளர் இரண்டையும் தடுத்தார். மயில்துத்தம் பாசியை ஒரே நாளில் கொல்லும். அத்தனை பாசியும் ஒன்றாக அழுகினால் மிச்ச ஆக்சிஜனும் போகும். செம்பு மீனுக்கும் விஷம், அதிலும் சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்மையான தண்ணீரில் விஷம் இன்னும் கூடும்.

சுண்ணாம்பு நல்ல பொருள்தான். குட்டை காய்ந்திருக்கும்போது சென்ட்டுக்கு ஒரு கிலோ போட்டுக் காயவிடுவது நல்ல வழக்கம். ஆனால், கழிவு நிறைந்த தண்ணீரில், கார அமில நிலை பார்க்காமல் கொட்டினால் வேறு வினை வரும். தீவனக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, 30 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7-ல் இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி. சுண்ணாம்பு அந்த எண்ணைத்தான் ஏற்றும். மீன் குட்டைக்கு ஏழரை முதல் எட்டரை வரை இருப்பது நல்லது. அதை அறிய, கடையில் கிடைக்கும் நிறம் மாறும் தாள் போதும். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். பச்சை மிகுந்த குட்டையில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியும்.

புறப்படும்போது ஆய்வாளர், மனைவியின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விடச் சொன்னார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, முழங்கை நனையும்வரை.

“கை தெரியுதா?”

“மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணும் தெரியல.”

“முழங்கை நனையுறப்ப உள்ளங்கை மறையணும். அதுதான் அளவு. அதுக்கு முன்னாடியே மறைஞ்சா பச்சை ஜாஸ்தி, எருவ நிறுத்துங்க. முழங்கை நனைஞ்சும் விரல் ரேகை பளிச்சினு தெரிஞ்சா பச்சை கம்மி, கொஞ்சம் எரு போடலாம். சேறு கலங்கியிருக்கையில இந்தக் கணக்கு செல்லாது.”

1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செச்சி, மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளந்தார். இன்றைக்கும் மீன் குட்டைகளில் அதே தட்டை இறக்குகிறார்கள். 30 முதல் 40 சென்டிமீட்டரில் மறைந்தால் நல்லது என்பது கணக்கு. தட்டு இல்லாதவர்களுக்கு முழங்கை இருக்கிறது.

வேலிக்கு இரண்டு பக்கமும்

ஆய்வாளரின் வண்டி போன பிறகும் அந்தத் தம்பி வேலியோரமே நின்றிருந்தார். பைக்கில் கட்டியிருந்த சாக்கும், அதிலிருந்து சொட்டிய தண்ணீரும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அது எங்கே போவதற்காகக் கட்டியது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

விவசாயி சாக்கை அவிழ்த்து, அதிலிருந்த மீனையும் குழியில் போட்டார். மண்ணைத் தள்ளிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தம்பி, காலையில நான் என்னென்னமோ பேசிட்டேன்.”

“கேட்டுச்சுண்ணே.”

கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் மட்டும்தான்.

“ஆனா, நேத்து காத்து உங்க பக்கந்தாண்ணே அடிச்சுச்சு. நான் பாக்காமதான் மருந்தடிச்சேன். மீனு கெடக்குங்கிற நெனப்பே இல்ல” என்றார் தம்பி. வேலியைத் தாண்டி வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூட முடிவு வந்தது. தண்ணீரில் செம்பு கவலைப்படும் அளவில் இல்லை. அதற்குள் அந்தக் காகிதத்தை எதிர்பார்த்து இரண்டு வீட்டிலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டிலில் படிந்த இரண்டு நிறங்களை எல்லோரும் ஒன்றாகப் பார்த்திருந்தார்கள். அந்த அரை மணி நேரம் கிடைக்காமல், சாக்கு ஸ்டேஷனுக்குப் போயிருந்தால், பிறகு எந்த ஆய்வு முடிவும் அந்த இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்காது.

நஷ்டம் நஷ்டம்தான். மிஞ்சிய மீனை மார்கழியிலேயே பிடித்து விற்றதில் கடனில் பாதிகூட அடையவில்லை. மகளின் கட்டணத்துக்கு மனைவியின் தோடு அடகுக்குப் போனது. குட்டையை மூடிவிடலாம் என்றுகூட விவசாயி பேசினார். “குட்டை நம்மள ஏமாத்தல. நாமதான் அது சொன்னத மாத்திப் புரிஞ்சுக்கிட்டோம்” என்றார் மனைவி. காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் வைகை அணை அலுவலகத்துக்கும் அவரே போய் விசாரித்து, குறிப்பெடுத்து வந்தார்.

மாசியில் குட்டையை வற்றவைத்து, கறுப்புச் சகதியை வழித்தெடுத்துத் தென்னைக்குப் போட்டார்கள். தரை வெடிக்கும்வரை காயவிட்டு, 20 கிலோ சுண்ணாம்பு தூவினார்கள். பங்குனியில் தண்ணீர் கட்டி, 500 குஞ்சுகள் மட்டும் விட்டார்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் சூடும் வெளியே இருக்கும் சூடும் ஒன்றான பிறகு திறந்தார்கள். தீவனத்தை வாளியால் வீசுவது நின்றது. துளையிட்ட சாக்குகளில் கட்டி, கம்பில் தொங்கவிட்டார்கள். மறுநாள் சாக்கில் மிச்சமிருந்தால் அன்றைக்கு அளவு குறையும். வானம் மூடினால் தீவனமே கிடையாது. ஒரு நாள் பட்டினியால் எந்த மீனும் செத்ததில்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. இந்த முறை நான்கு நாள் மூட்டம். மனைவி ராத்திரி 2 மணிக்கே எழுந்து மோட்டாரைப் போட்டு, தகரத்தில் தண்ணீர் சிதறி விழ வைத்துவிட்டு, விடியும்வரை கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் மூன்று மீன்கள் செத்தன. மூன்றே மூன்று.

தை மாதம் வலை போட்டபோது 320 கிலோ வந்தது. முந்தைய வருடம் 1,500 குஞ்சு விட்டு, அள்ளி அள்ளிப் போட்டு, கடைசியில் மண்ணில் புதைத்ததும் கிட்டத்தட்ட அதே எடைதான். குழுக் கடன் அடைந்தது. தோடு இன்னும் மீளவில்லை, சித்திரைக்குள் மீட்டுவிடலாம் என்கிறார்கள்.

இப்போதெல்லாம் அந்தத் தம்பி மருந்துத் தொட்டியைக் கலக்கும் முன் ஒரு துணி நுனியைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்க்கிறார். “அண்ணே, இன்னைக்குக் காத்து உங்க பக்கம். நாளைக்குப் பாத்துக்கிறேன்” என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது.

மனைவி தினமும் விடியும் முன் குட்டைக்குப் போகிறார். கையில் வாளி இல்லை, டார்ச் மட்டும்தான். வெளிச்சம் பட்டதும் மீன்கள் சட்டென்று கீழே போனால், வீட்டுக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கிறார். போகாமல் நின்றால், மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் அவர் கைக்குத் தெரியும்.